பூத்துக்குப் போகும் முன்னே: வாசகர் கேள்வி – பதில்

ஓட்டு, வாக்காளர் பட்டியல், தபால் வாக்கு, கிராம சபை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

*பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவின்படி "சேலஞ்ச் ஓட்டு" போடலாம். நம் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டால் "டெண்டர் ஓட்டு" போடலாம். ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு. இப்படி வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?*
– மன்னார்குடி வாசகி

மூன்றில் நடுவில் உள்ளது மட்டும் உண்மை. ஒவ்வொரு தேர்தலுக்கும் தூசு தட்டி அனுப்பப்படும் செய்தி இது. தேர்தல் ஆணையம் மறுத்த பிறகும் ஓயவில்லை.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு கிடையாது. ஆதார், பாஸ்போர்ட், பழைய வாக்காளர் அட்டை எதைக் காட்டினாலும் பயனில்லை. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ என்பது மின்னணு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றிய விதி. வாக்காளருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "சேலஞ்ச்" செய்வதும் வாக்காளர் அல்ல, பூத் ஏஜென்ட். வரிசையில் வந்தவர் அந்தப் பெயருக்கு உரியவர் இல்லை என்று சந்தேகப்படும் ஏஜென்ட், 2 ரூபாய் ரொக்கமாகக் கட்டி ஆட்சேபிப்பார். ஆமாம், இரண்டே ரூபாய்தான். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் வந்தவர் போலீஸிடம் ஒப்படைக்கப்படுவார், இல்லையென்றால் ஓட்டுப் போட அனுமதிக்கப்படுவார்.

டெண்டர் ஓட்டு என்கிற ஆய்வுக்குரிய வாக்கு 49பி (49P) விதியில் வருகிறது. 2018-ல் வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு இந்த எண் ஊருக்கே மனப்பாடம். ஆனால் அந்த ஓட்டு எங்கே போகிறது என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்திருந்தால் தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும் விவரங்களுக்குச் சரியாகப் பதில் சொன்னால் 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு காகித வாக்குச்சீட்டைத் தருவார். பின்புறம் ஆய்வுக்குரியது என்று எழுதியிருக்கும். மறைவிடத்துக்குள் போய் முத்திரை குத்தி, மடித்து அவரிடமே கொடுக்க வேண்டும். அவர் அதைத் தனி உறையில் வைத்து மூடுவார். இயந்திரத்தில் ஓட்டுப் போட விடமாட்டார்கள்.

அந்த உறையை எண்ணிக்கை நாளன்று பிரிப்பதில்லை. முடிவு வந்த 45 நாளுக்குள் யாராவது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டு, வித்தியாசமும் மிகக் குறைவாக இருந்தால்தான் அதற்கு வேலை. வழக்கமாக ஒரு பூத்துக்கு 20 சீட்டுகள்தான் அனுப்பப்படும். ஆயிரம் ஓட்டு உள்ள பூத்தில் 14 சதவீதம் என்றால் 140. அத்தனை சீட்டே அங்கே இருக்காது! மறுவாக்குப்பதிவுக்கு இப்படி எந்த சதவீதக் கணக்கும் சட்டத்தில் இல்லை. தேர்தல் அலுவலர், பார்வையாளர் அறிக்கைகளைப் பார்த்து ஆணையம் முடிவு செய்யும்.

இருந்தாலும் உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால் "எண்ணவா போகிறார்கள்" என்று திரும்பிவிடாதீர்கள். 17பி-யில் விழும் கையெழுத்துதான் கள்ள ஓட்டு நடந்ததற்கான எழுத்துப்பூர்வமான சாட்சி.

*மதுரையிலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்து நான்கு ஆண்டு ஆகிறது. அட்டை மதுரை முகவரியில் உள்ளது. இங்கே புதிதாக விண்ணப்பித்தால் போதும், பழையது தானாக நீங்கிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.*
– தாம்பரம் வாசகர்

தானாக நீங்காது. படிவம் 6 முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு மட்டும். அதில் "வேறெங்கும் என் பெயர் இல்லை" என்று உறுதிமொழி கொடுக்கிறீர்கள். மதுரையில் பெயர் இருக்கும்போது அதில் கையெழுத்திட்டால் பொய் உறுதிமொழி. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. நடைமுறையில் வழக்கு அரிது. ஆனால் இரட்டைப் பதிவு என்று மென்பொருள் காட்டிக்கொடுக்கும்போது, எது நீங்கும் எது நிற்கும் என்பது உங்கள் கையில் இருக்காது.

உங்களுக்கு வேண்டியது படிவம் 8. முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறித்தல் ஆகிய நான்குக்கும் 2022 ஆகஸ்ட் முதல் இந்த ஒரே படிவம்தான். ஒரே தொகுதிக்குள் தெரு மாறியவர்கள் முன்பு நிரப்பிய 8ஏ இப்போது இல்லை. யாராவது பழைய ஜெராக்ஸ் பிரதியை நீட்டினால் வாங்காதீர்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்திலோ செயலியிலோ நிரப்பலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாளாகவும் கொடுக்கலாம். அட்டை எண் மாறாது, புது முகவரியோடு அட்டை வரும்.

தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, முகவரிச் சான்று. வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட 11 மாத ஒப்பந்தம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆதார், வங்கி பாஸ்புக், மின்சாரம் அல்லது கேஸ் ரசீது ஏதேனும் ஒன்றில் புது முகவரி இருந்தால் தலைவலி இல்லை. எதுவுமே இல்லையென்றால் அலுவலர் நேரில் வந்து பார்த்து எழுதுவார். அவர் வரும்போது வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும் அல்லது தள்ளுபடியாகும். அதனால் செல்பேசி எண்ணைச் சரியாகக் கொடுத்து, விண்ணப்பித்த வாரத்தில் நீங்களே ஒருமுறை அவரை அழைத்துப் பேசிவிடுங்கள்.

இரண்டாவது, எழுத்து. ஆன்லைன் படிவத்தில் ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ் தானாக விழும். "பழனி" "பளனி" ஆகும், "தங்கம்" "தன்கம்" ஆகும். பலர் கவனிக்காமல் சமர்ப்பித்துவிட்டு, திருத்தத்துக்கு இன்னொரு படிவம் 8 போடுகிறார்கள். இனிஷியலையும் பாருங்கள். ஆதாரில் முன்னாலும் இங்கே பின்னாலும் இருந்தால் சிலர் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, நாள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. வந்த விண்ணப்பங்களை ஆட்சேபணைக்காக ஏழு நாள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதால், மனுத் தாக்கல் முடிய பத்து நாளாவது இருக்கும்போது உங்கள் படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடுகிறவர்களுக்கு மிஞ்சுவது ஒரு வாரமோ பத்து நாளோதான்.

தள்ளுபடி செய்தால் விட்டுவிட வேண்டாம். 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். எதற்காகத் தள்ளினார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டால்தான் மேல்முறையீட்டில் பேச முடியும்.

*என்னிடம் அட்டை இருக்கிறது, போன தேர்தலில் ஓட்டும் போட்டேன். மறுபடி பட்டியலைப் பார்க்க வேண்டுமா?*
– கும்பகோணம் வாசகர்

கட்டாயம் பார்க்க வேண்டும். அட்டை அடையாளச் சான்று மட்டுமே. உரிமை பட்டியலில் இருக்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு, வீட்டில் இல்லாதவர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இந்தக் கடைசி வகையில்தான் உயிரோடு அதே ஊரில் இருப்பவர்களும் சிக்குகிறார்கள். அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயரைப் போட்டுத் தேடினால் எழுத்துப் பிழையால் "இல்லை" என்று வந்து வீண் பதற்றம். கிடைத்ததும் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால், பூத் சிலிப் வராவிட்டாலும் கவலையில்லை.

அட்டை தொலைந்திருந்தால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படத்துடன் ஓய்வூதிய ஆவணம் போன்றவற்றில் ஒன்று போதும். பூத் சிலிப் 2019-லிருந்து அடையாளச் சான்று இல்லை. ரேஷன் அட்டையும் கல்லூரி அடையாள அட்டையும் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு பூத்திலும் காலை முதல் தகராறு இந்த இரண்டால்தான் கிளம்புகிறது.

*மகளுக்குப் பதினேழரை வயது. இப்போதே விண்ணப்பிக்கலாமா?*
– காங்கயம் வாசகி

தாராளமாக. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்து நான்கு. 18 முடிந்த பிறகு வரும் முதல் தகுதி நாளில் பெயர் ஏறும். பிறந்த தேதிச் சான்றில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

*நோட்டாவுக்கு எல்லோரையும்விட அதிக ஓட்டு விழுந்தால் தேர்தல் ரத்தாகுமா? எல்லோருக்கும் டெபாசிட் போகுமா?*
– பொள்ளாச்சி வாசகர்

ரத்தாகாது. நோட்டாவுக்கு அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர் வென்றவர். 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் நோட்டா பொத்தானை வைக்கச் சொன்னதன் நோக்கமே ரகசியத்தைக் காப்பதுதான். அதற்கு முன் யாருக்கும் போட விரும்பாதவர் 49ஓ விதிப்படி பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பூத்தில் இருக்கும் எல்லா ஏஜென்டுக்கும் தெரிந்துவிடும். ஊருக்குள் அது சின்ன விஷயமா? தமிழ்நாட்டில் அந்தப் பொத்தான் முதலில் வந்தது அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில். 2024-ல் இந்தூர் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்றபின் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்தது. அப்போதும் பா.ஜ.க. வேட்பாளர் வென்றதில் எந்தச் சிக்கலும் எழவில்லை. ஹரியானாவில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் மாநிலத் தேர்தல் ஆணையம் நோட்டாவை ஒரு கற்பனை வேட்பாளராகக் கருதி, அது முந்தினால் மறுதேர்தல் என்று 2018-ல் விதி செய்தது.

டெபாசிட் கணக்கிலும் நோட்டா சேராது. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு *மேல்* வாங்க வேண்டும். 1,80,000 செல்லுபடியான ஓட்டு என்றால் சரியாக 30,000 வாங்கியவருக்கும் பணம் போகும், 30,001 வாங்கியவருக்குத் திரும்பும். இப்போது மக்களவைக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. 1996-ல் இது சில நூறு ரூபாய்தான். அந்த ஆண்டு மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாகி, தேர்தலும் ஒரு மாதம் தள்ளிப்போனது. தொகை உயர்ந்தது அதன் பிறகு. விவசாயிகளின் எதிர்ப்பாகத் தொடங்கியது, சாமானியர் வேட்பாளராவதைக் கொஞ்சம் கடினமாக்கிவிட்டது என்பது எங்கள் கருத்து.

*ஆசிரியராகத் தேர்தல் வேலைக்குப் போகிறேன். போன முறை எங்கள் பள்ளியில் பலருடைய தபால் ஓட்டு செல்லாததாகிவிட்டது என்கிறார்கள். எங்கே தப்பு நடக்கிறது?*
– நாகர்கோவில் வாசகி

ஓட்டுச்சீட்டில் தப்பு நடப்பது குறைவு. உறையில்தான் நடக்கிறது.

உங்களிடம் நான்கு பொருள் இருக்கும்: ஓட்டுச்சீட்டு, 13பி என்ற சிறிய உறை, 13ஏ என்ற உறுதிமொழி, 13சி என்ற பெரிய உறை. ஓட்டுச்சீட்டு மட்டும் சிறிய உறைக்குள் போக வேண்டும். அதை ஒட்டிவிட்டு, சிறிய உறையையும் உறுதிமொழியையும் தனித்தனியாகப் பெரிய உறைக்குள் வைக்க வேண்டும். எண்ணும் மேசையில் பெரிய உறையைப் பிரித்ததும் முதலில் தேடுவது 13ஏ-வைத்தான். அவசரத்தில் அதையும் சிறிய உறைக்குள் திணித்து ஒட்டியிருந்தால், உறுதிமொழி இல்லை என்று சிறிய உறையைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். 13ஏ-வில் கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லாவிட்டாலும், அதில் எழுதிய சீட்டு எண் சிறிய உறையின் மேலுள்ள எண்ணோடு பொருந்தாவிட்டாலும் அதே கதி. எண்ணை எழுதும்போது கடைசி இலக்கத்தை ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள்.

சான்றொப்பத்தின் விலை என்ன என்பதற்கு ராதாபுரம் நல்ல உதாரணம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் ஓட்டுகள், அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று தள்ளப்பட்டிருந்தன. அப்பாவு வழக்குப் போட, 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆவது சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணி முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது.

இப்போது நிலைமை கொஞ்சம் மேல். 2023-ல் வந்த விதித் திருத்தத்தின்படி தேர்தல் பணியில் இருப்பவர்கள் பயிற்சி நடக்கும் இடத்திலுள்ள வாக்களிப்பு வசதி மையத்திலேயே சீட்டை வாங்கி, அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும். சான்றொப்பமிட அங்கேயே அதிகாரி இருப்பார். முதல் பயிற்சியின்போதே படிவம் 12-ஐக் கொடுத்துவிடுங்கள். உங்கள் தொகுதிக்குள்ளேயே பணி என்றால் தபால் ஓட்டே வேண்டாம், 12ஏ கொடுத்துப் பணிச் சான்றிதழ் வாங்கினால் வேலை பார்க்கும் பூத்திலேயே இயந்திரத்தில் போடலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு எதுவும் வாங்காமல் போகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு.

வித்தியாசத்தைவிடத் தள்ளுபடியான தபால் ஓட்டு அதிகமாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் தள்ளிய அத்தனையையும் தேர்தல் அலுவலர் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது இப்போதுள்ள நடைமுறை. எண்ணிக்கை ஏஜென்டாகப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*ஒரு சின்னத்தை அழுத்தினேன், விவிபேட்டில் வேறு சின்னம் தெரிந்த மாதிரி இருந்தது. உடனே மறைந்தும் விட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?*
– ஈரோடு வாசகர்

விவிபேட் என்பது போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் பெட்டி. அந்தச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி நிற்கும். வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் இருக்கும். பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். அழுத்தியதும் கண் நீலப் பொத்தானிலேயே நின்றுவிட்டால் நான்கைந்து விநாடி போய்விடும். ஆகவே வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே போனதும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் வெளியே அமர்ந்திருக்கும் அலுவலர் கட்டுப்பாட்டுக் கருவியில் இன்னும் உங்களுக்கான பொத்தானை அழுத்தவில்லை. நீங்கள் என்ன குத்தினாலும் பதியாது. பச்சை வந்ததும் அழுத்துங்கள், வேட்பாளர் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். உடனே பார்வையைக் கண்ணாடிக்கு மாற்றுங்கள். கடைசியில் நீளமான "பீப்" சத்தம். அது கேட்காமல் வெளியே வராதீர்கள்.

தவறான சீட்டுத்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் 49எம்ஏ விதி இருக்கிறது. அங்கேயே தலைமை அலுவலரிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். பொய்ப் புகாரானால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு என்று முதலில் எச்சரிப்பார். பிறகு ஏஜென்டுகள் முன்னிலையில் நீங்கள் ஒரு சோதனை ஓட்டுப் போட வேண்டும். சீட்டு மாறி வந்தால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிற்கும். சரியாக வந்தால் சோதனை ஓட்டுக் கணக்கு தனியாகக் குறிக்கப்பட்டு வாக்குப்பதிவு தொடரும். இந்த விதியில் ஒரு குறை: இரண்டாவது முறை சரியாக வந்ததால் முதல் முறையும் சரியாகத்தான் வந்தது என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே "தெரிந்த மாதிரி இருந்தது" என்ற அளவில் புகார் கொடுப்பது உசிதமல்ல.

இயந்திரக் கோளாறு என்று செய்தியில் வருவதில் பெரும்பாலானது அச்சுப் பெட்டியில்தான். பெட்டியின் பின்னால் ஒரு திருகு உண்டு. நெட்டுக்குத்தாக இருந்தால் இயங்கும் நிலை, படுக்கையாக இருந்தால் பயண நிலை. திருப்ப மறந்தால் பிழை காட்டும். நேர் மேலே குண்டு பல்பு எரிந்தாலும் தொல்லை. விவிபேட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றுவார்கள். கட்டுப்பாட்டுக் கருவியோ வாக்குப்பதிவுக் கருவியோ பழுதானால் முழு செட்டையும் மாற்றி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்த்துத்தான் தொடர வேண்டும்.

பூத் ஏஜென்டாக இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது காலை மாதிரி வாக்குப்பதிவு. வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்த்து, முடித்து, முடிவைக் காட்டி, அழிக்க வேண்டும். விவிபேட் பெட்டியிலுள்ள மாதிரிச் சீட்டுகளையும் எடுத்துக் கறுப்பு உறையில் போட வேண்டும். அழிக்காமல் உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்கிவிட்டால் அந்த 50-ம் கணக்கில் ஒட்டிக்கொள்ளும். எண்ணும் நாளில் அந்த இயந்திரத்தைத் தனியே ஒதுக்கி வைக்க நேரிடும். தேநீர் குடித்துவிட்டு ஏழு மணிக்கு வரும் ஏஜென்டுக்கு இது தெரியப்போவதில்லை. மாலையில் 17சி படிவத்தின் சான்றிட்ட நகலை வாங்காமல் கிளம்பாதீர்கள். அந்த பூத்தில் விழுந்த மொத்த ஓட்டு அதில் இருக்கும். எண்ணிக்கை மேசையில் இயந்திரம் காட்டும் எண்ணோடு ஒப்பிட அதுதான் கைப்பிடி.

*2024 ஏப்ரல் 19 இரவு தமிழ்நாட்டில் 72 சதவீதம் என்றார்கள். மறுநாள் 69 ஆனது. ஓட்டு எங்கே போனது?*
– சென்னை வாசகர்

ஓட்டு எங்கும் போகவில்லை, மதிப்பீடு இறங்கியது. அன்று இரவு சொன்ன 72.09 தொலைபேசியில் கூட்டிய கணக்கு. மண்டல அலுவலர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூத்துகளை அழைத்து, சிலவற்றுக்குக் கிடைத்ததை வைத்து மற்றவற்றுக்கும் அனுமானித்து மேலே அனுப்பினார்கள். எல்லா பூத்தின் 17சி-யும் வந்து கூட்டியபோது 69.46, இறுதியில் 69.72. வழக்கமாக முதல் எண்ணைவிடக் கடைசி எண்தான் கூடும். மாலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஓட்டு உண்டு என்பது அதற்கு ஒரு காரணம். அப்போது டோக்கனை வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்து வருவார்கள். முன்னாலிருந்து கொடுத்தால், கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள்.

சதவீதத்தை நம்பி ஊர்களை ஒப்பிடும்போது பட்டியலின் தரத்தையும் பாருங்கள். அந்தத் தேர்தலில் தருமபுரி 81-ஐத் தாண்டியது, மத்திய சென்னை 54-ஐ ஒட்டி நின்றது. சென்னைக்காரர்களின் சோம்பல் ஒரு பங்கு உண்மைதான். வீடு மாறியும் பெயர் மாறாமல் நிற்பவர்கள் இன்னொரு பங்கு. ஆயிரம் பெயரில் 650 ஓட்டு விழுந்தால் 65 சதவீதம். அதில் வெறும் பெயர்கள் நூறை நீக்கினால், ஒரு ஓட்டும் கூடாமலே 72 ஆகிவிடும். பட்டியல் திருத்தத்துக்குப் பின் வரும் "சாதனை வாக்குப்பதிவு" தலைப்புகளை இந்தக் கணக்கோடு படிக்கலாம்.

*காய்கறி வியாபாரி நான். தேர்தல் நேரத்தில் சந்தை வசூல் பணத்தைப் பறக்கும் படை பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு கொண்டுபோகலாம்?*
– ஒட்டன்சத்திரம் வாசகர்

50,000 ரூபாய்க்கு மேல் என்றால் கணக்குக் காட்டத் தயாராக இருங்கள். அன்றைய கமிஷன் மண்டிச் சீட்டு, வங்கியில் எடுத்திருந்தால் அந்த ரசீது, ஜி.எஸ்.டி. அல்லது கடை உரிமத்தின் நகல் ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும். "வீட்டில் இருக்கிறது" என்பது அந்த நேரத்தில் எடுபடாது. பணத்தை எடுத்துக்கொண்டால் ரசீது வாங்குங்கள். மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குறைதீர் குழு இருக்கிறது. தேர்தலுக்குச் சம்பந்தமில்லாத பணம் என்று காட்டினால் விடுவிக்கும். வழக்கோ புகாரோ பதிவாகாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பத்து லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகும்.

வியாபாரிகள் படும் பாடு நியாயமான குறைதான். மறுபக்கம், பணத்தால் 2016-ல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017-ல் ஆர்.கே. நகரும், 2019-ல் வேலூரும் தேர்தலே நின்றுபோன தொகுதிகள். பணம் கொடுப்பதை நேரில் கண்டால் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ அங்கேயே எடுக்க வேண்டும். செல்பேசியில் முன்பே எடுத்து வைத்ததை ஏற்றாது. எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். 100 நிமிடத்தில் முடிவு சொல்வது அதன் இலக்கு. வாங்குவதும் கொடுப்பதைப் போலவே குற்றம்.

*கிராம சபையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். தீர்மானம் என்னவென்றே தெரிவதில்லை.*
– சிவகங்கை மாவட்ட வாசகி

வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்து, பிறகு எழுதப்படும் தீர்மானத்துக்குச் சம்மதம் போல ஆகிவிடுவதுதான் இங்கே நடக்கும் தந்திரம். வருகைக்குக் கையெழுத்துப் போடலாம், அது வருகைப் பதிவேடுதானா, பக்கத் தலைப்பில் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து, உரக்கப் படித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகு கையெழுத்து. முடிந்ததும் அந்தப் பக்கத்தைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஆறு நாள் நிச்சயம் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. ஐம்பது பேர்கூட வராத இடத்தில் 200 கையெழுத்து இருந்தால், அது வீடு வீடாகப் போய் வாங்கியது. தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் இருந்தாலும் சபைக்கு உள்ள உரிமை குறையாது. பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். உங்கள் கோரிக்கையை வாய்ப்பேச்சாக விடாமல், "எந்தத் தெரு, எவ்வளவு நீளம், என்ன வேலை" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "குடிநீர் வசதி வேண்டும்" என்று எழுதிய தீர்மானம் கோப்பில் தூங்கும். "மேலத் தெருவில் பள்ளி முதல் கோயில் வரை 180 மீட்டர் குழாய்" என்று எழுதினால் பொறியாளர் மதிப்பீடு போட்டே ஆக வேண்டும்.

*பாட்டிக்கு 86 வயது. வீட்டிலேயே ஓட்டுப் போட என்ன வழி?*
– திருப்பத்தூர் வாசகர்

85 வயது கடந்தவர்களுக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கும் 12டி படிவம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். அலுவலர்கள் வீடியோ எடுப்பவரோடு வீட்டுக்கு வருவார்கள். முதல் முறை ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை, அதோடு சரி. 12டி ஏற்கப்பட்டபின் "இன்று உடம்பு நன்றாக இருக்கிறது" என்று பூத்துக்கு அழைத்துப் போனால் விடமாட்டார்கள்.

*சிங்கப்பூரில் வேலை. இங்கிருந்தே ஓட்டுப் போட முடியுமா?*
– சிங்கப்பூர் வாசகர்

முடியாது. இந்தியக் குடியுரிமையை விடாதவர் 6ஏ படிவத்தில் பாஸ்போர்ட் முகவரித் தொகுதியில் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும்.

*மில்லில் ஓட்டுப் போட லீவு தருவார்கள், சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.*
– ராஜபாளையம் வாசகர்

பிடிக்கக் கூடாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி சம்பளத்தோடு கூடிய விடுமுறை, தினக்கூலிக்கும் உண்டு. மீறினால் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. அந்தத் தொகையைப் பார்த்து எந்த மில்லும் பயப்படாது. தொழிலாளர் துறையில் எழுதிக் கொடுக்கும் புகாருக்குத்தான் கொஞ்சம் மரியாதை.

*விரல் மையை அழிக்க எலுமிச்சையும் பற்பசையும் போதுமா? மகன் பந்தயம் கட்டியிருக்கிறான்.*
– விருதுநகர் வாசகி

பந்தயம் உங்களுக்கே. 1962-லிருந்து மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கும் அந்த மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் தோலோடு வினைபுரிந்து கறுத்துவிடும். தோல் உரிந்து, நகம் வளர்ந்துதான் போகும். விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு போனால் அலுவலர் துடைத்துவிட்டு வைப்பார். வைக்க விடமாட்டேன் என்றால் ஓட்டே கிடையாது.